எங்கள் வீட்டில் யாரும் வேலை தேடவில்லை

அன்பு மகள் சகாயராணிக்கு,

அன்னவாசல் கடைவீதியின் ஜெராக்ஸ் சக்கரவர்த்தியும், ஆன்லைன் விண்ணப்பங்களின் அதிபதியும், லேமினேஷன் கலையில் மூன்று மாவட்டங்களில் தோல்வியே காணாதவனுமாகிய உன் சித்தப்பன் எழுதுவது. நீ கட்டுமாவடிக்கு பஸ் ஏறி இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. போனில் பேசினால் ‘சாப்பிட்டியா, தூங்குனியா’ என்பதைத் தாண்டி என் வாய்க்கு எதுவும் வருவதில்லை. ஆகவே இந்தக் கடிதம். மூலப்பிரதி உனக்குத் தபாலில் வருகிறது. மெஷின் சொந்தமாக இருக்கிறது, காகிதம் இருக்கிறது, எனவே நூறு பிரதி எடுத்துக் கடைக்கு வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கொடுப்பதாக இருக்கிறேன். ஊர் கேட்கச் சொன்ன பொய்யை ஊர் கேட்கவே திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் சக்கரவர்த்திகளுக்கு அழகு. கோபித்துக்கொள்ளாதே. இதில் உன்னைப் பற்றிப் புகழ்ச்சிதான் இருக்கிறது. அசிங்கமெல்லாம் என்னைப் பற்றியது.

நூறு பேர் படிக்கப்போவதால் நம் வம்ச வரலாற்றை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உனக்கு நாலு வயதாகும்போது உன் அம்மா மஞ்சள் காமாலையில் போனாள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் உன் அப்பா, அதாவது என் அண்ணன், உன்னை என் கையிலும் உன் சித்தி லூர்து கையிலும் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அன்றிலிருந்து நீ எங்கள் மகள். அண்ணன் வருடத்துக்கு ஒரு தடவை வந்து, ஆவூர் கோயிலில் ஈஸ்டர் பாஸ்கு நாடகம் பார்த்து, உனக்கு அளவு சரியில்லாத செருப்பு ஒரு ஜோடி கொடுத்துவிட்டுப் போவார். மீதி முந்நூற்று நாற்பது நாளும் நீ என்னிடம்தான் சண்டை போட்டாய்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஒன்றியத்தில் வேலை இல்லாத ஒருவர்கூட என் கடைப்படி மிதிக்காமல் வேலை இல்லாதவர் ஆனதில்லை. விண்ணப்பம் என்னிடம், போட்டோ என்னிடம், ஹால் டிக்கெட் என்னிடம், ரிசல்ட் பார்த்து அழுவதும் என்னிடம். கிராம உதவியாளர் பதவி ஒன்று காலியானால் போதும், என் கடை வாசலில் நிற்கும் வரிசையின் வால் சித்தன்னவாசல் குன்றைச் சுற்றிக்கொண்டு போகும். எட்டாம் வகுப்புப் படிப்பு போதும் என்ற வேலைக்கு இன்ஜினியர்கள் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவன், “அண்ணே, நான் எட்டாவதும் படிச்சிருக்கேன்தானே?” என்று என்னிடமே சந்தேகம் கேட்டான். இத்தனை பேருடைய தேடலில் உலை வைத்துச் சாப்பிட்ட குடும்பம் நம்முடையது. அப்படிப்பட்ட குடும்பத்தின் தலைவன் சொந்த மகளின் தேடலை ஒளித்து வைத்தான் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம்.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். நான் பி.காம். முடித்த வருடம் புதுக்கோட்டை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நானும் விடாமல் புதுப்பித்தேன். பாண்டிய மன்னர்கள் கோட்டையைப் புதுப்பித்ததைவிட நான் அந்த அட்டையைப் புதுப்பித்தது அதிகம். அந்த நாளில் யாராவது வீட்டுக்கு வந்து “சின்னவன் என்ன செய்யிறான்?” என்று கேட்டால், என் அப்பா கொஞ்சமும் தயங்காமல், “வெவசாயம் பாக்குறான்” என்பார். எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் அது வயல், பெய்யாவிட்டால் அது கிரிக்கெட் மைதானம். அந்த நிலத்தில் நான் விதைத்ததைவிட ரன் எடுத்ததுதான் அதிகம். ஆனாலும் நான் விவசாயி. மகன் வேலை தேடுகிறான் என்று சொன்னால், வேலை கிடைக்காதவன் என்று ஆகிவிடுமாம். விவசாயி என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அது வசதியாகிவிட்டது. பத்து வருடம் கழித்து நான் தேடுவதையே நிறுத்திவிட்டேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தேடுகிறவனாகவே என்னை யாரும் எண்ணாதபோது, நிறுத்தினதை யார் எண்ணப் போகிறார்கள்?

நீ அப்படி இல்லை. நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்த மறுநாளே கடைக்கு வந்து, “சித்தப்பா, அந்தச் சேர விடுங்க” என்று என் நாற்காலியைப் பிடித்தாய். இரண்டு வருடத்தில் நாற்பத்தியோரு விண்ணப்பம். ஆஸ்பத்திரி லேப், பால் கம்பெனி, மருந்துக் கம்பெனி, தண்ணீர் கேன் கம்பெனி. திருச்சிக்கும் மதுரைக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தாய். “அனுபவம் இருக்கா?” என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். “வேலையே குடுக்காம அனுபவத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன் சித்தி?” என்றாய். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மறுபடியும் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்.

அந்த நாற்பத்தியோரு விண்ணப்பத்திலும் தொடர்பு எண் என்ற கட்டத்தில் இருந்தது என் எண். இது ஜெராக்ஸ் கடைக்காரர்கள் செய்யும் காரியம். விண்ணப்பம் போடும்போது ஓடிபி வரும், அது வந்தவுடன் தட்டச்சு செய்ய வேண்டும், வருகிறவர்களில் பாதிப் பேர் போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஆகவே எங்கள் எண்ணையே போட்டுவிடுவோம். இதனால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு வர வேண்டிய அழைப்பு எனக்கு வரும். நான் கடையை அடைத்துவிட்டுத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். ஒருவருடைய செய்தியையும் நான் தவறவிட்டதில்லை என்று மார்தட்டிக்கொண்டவன் நான். உனக்கென்று போன் வந்த பிறகு நீ, “என் நம்பர மாத்திருவோம் சித்தப்பா” என்றாய். “ஓடிபி வர்ற நேரத்துல நீ குளிச்சிக்கிட்டிருந்தா? என்னோடதே இருக்கட்டும்தா” என்றேன். நீயும் நம்பி விட்டுவிட்டாய்.

கறம்பக்குடியிலிருந்து உன்னைக் கேட்டு வந்தார்கள் அல்லவா? நல்ல குடும்பம், பையனுக்குச் சொந்தமாக டிராக்டர். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, “பொண்ணுக்கு வேலைக்குப் போகணும்னு ஆசை ஏதும் இருக்கா?” என்பது. அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருந்தது. நான், “சேச்சே, அதெல்லாம் இல்லைங்க” என்றேன். அடுத்த வாரம் பையனின் தாய்மாமன், ஞானஸ்நானச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கே வந்தார். கவனி, அவர் ஊரில் ஆறு கடை இருக்கிறது. என்னை நோட்டம் விடத்தான் வந்தார். அவர் நிற்கும்போது என் போன் அடித்தது. என் போனில் காதில் வைத்துக் கேட்கும் பாகம் கெட்டுப்போய்ப் பல மாதம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும். போட்டால் ஊருக்கே கேட்கும்.

“வணக்கங்க, சகாயராணிங்கிறவங்க எங்க லேபுக்கு வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தாங்க. கட்டுமாவடி, இறால் பண்ணை லேப். திங்கக்கெழமை நேர்ல வர முடியுமான்னு கேக்கத்தான் கூப்புட்டேன்” என்றது ஒரு பெண் குரல். தாய்மாமன் சான்றிதழிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மெஷினின் வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் என் வாய் சொன்னது: “ராங் நம்பருங்க. எங்க வீட்ல யாரும் வேலை தேடலை.” வைத்துவிட்டேன். தாய்மாமன் சிரித்துக்கொண்டு, “இப்பல்லாம் ராங் கால் ரொம்ப வருதுல்ல” என்றார். “ஆமாங்க, ரொம்பத் தொந்தரவு” என்றேன். அவருக்கு இரண்டு பிரதி இலவசமாக எடுத்துக் கொடுத்தேன். மகளே, என் வாழ்க்கையில் நான் விட்ட புளுகுகளை அடுக்கினால் மலைக்கோட்டை உயரம் வரும். அதில் ஒன்றுகூட இன்னொருவர் சோற்றில் கை வைத்ததில்லை. அன்றைக்குத்தான் வைத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் நீ தினமும் கேட்டாய்: “சித்தப்பா, கட்டுமாவடியிலருந்து போன் ஏதும் வந்துச்சா?” நான், “வரலையேத்தா” என்றேன். முதல் நாள் சொல்வது கஷ்டமாக இருந்தது. பதினைந்தாம் நாள் பழகிவிட்டது. அது பழகிப்போனதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. உனக்கு ஆசை அந்த லேபில்தான் என்று எனக்குத் தெரியும். நீ படித்த படிப்புக்கு இந்த மாவட்டத்திலேயே இருந்த ஒரே வேலை அது.

அப்புறம்தான் நம் வீட்டுக்கு சர்வே தம்பி வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பை, கையில் டேப்லெட். மத்திய அரசு எடுக்கும் கணக்கு, யார் யார் வேலையில் இருக்கிறார்கள், யாருக்கு வேலை இல்லை என்று பார்க்கிறோம், எங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது என்றார். கோடிக்கணக்கான வீடுகளில் நம் வீடு தேர்வானது என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் முதல் கேள்வியை என்னிடமே கேட்டார்: “போன ஏழு நாள்ல, ஒரு மணி நேரமாவது வேலை பாத்தீங்களாங்க?”

அந்த வாரம் நாலு நாள் சர்வர் படுத்துவிட்டது. ஐந்தாம் நாள் கரண்ட் இல்லை. ஒரே ஒருவர் வந்து ரேஷன் கார்டை லேமினேட் செய்துகொண்டு, பேன் காற்றில் உட்கார்ந்து அரசியல் பேசிவிட்டுப் போனார். யோசித்து, “ஒரு மணி நேரம் இருக்குங்க” என்றேன்.

“அப்ப நீங்க வேலையில இருக்கீங்க” என்று டேப்லெட்டில் ஒரு தட்டு தட்டினார். பட்டாபிஷேகம் முடிந்தது போல இருந்தது எனக்கு. அடுத்து லூர்து. அவள் அடுப்படியில் இருந்தாள். “அவ வீட்டுல சும்மா இருக்கா” என்று நானே சொன்னேன். அடுத்து நீ. “மக எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கு. அதுவும் வீட்டுலதான்.”

“வேலை எதுவும் தேடுறாங்களா?”

அவர் அரசாங்கத்திலிருந்து வந்தவர். கறம்பக்குடியிலிருந்து வந்தவர் இல்லை. அவரிடம் பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் வாய் பழகிப்போயிருந்தது. “எங்க வீட்ல யாரும் வேலை தேடலைங்க” என்றேன்.

கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்த நீ, முழங்கை வரை சோப்பு நுரையோடு உள்ளே வந்தாய். “அண்ணே, அத அழிங்க” என்றாய்.

“அழிச்சிரலாம்மா. என்னன்னு போடட்டும்?”

“நான் வேலை தேடுறேன். ரெண்டு வருசமா தேடுறேன். எனக்கு வேலை இல்ல. அப்படியே போடுங்க.”

எனக்கு முகம் செத்துவிட்டது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் வேறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே என் ராஜதந்திரத்தை இறக்கினேன். “தம்பி, இது எங்க கடையில அப்பப்ப வந்து உக்காரும். அத வேலைன்னு எடுத்துக்கலாமா?” என்றேன். “இந்த ஏழு நாள்ல ஒரு மணி நேரம் உங்களுக்கு ஒத்தாசையா கடையில நின்னிருந்தாக்கூடப் போதுங்க, சம்பளம் இல்லாட்டியும் வேலையில இருக்கிறதாத்தான் வரும்” என்றார் அவர். அடடா! ஒரே மணி நேரத்தில் ஒரு பட்டதாரியின் வேலையின்மையை ஒழிக்கும் வித்தை என் கையில் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்! நான் மகிழ்ந்து, “அப்படின்னா நின்னுச்சுன்னு போட்டுக்கங்க” என்றேன்.

“நிக்கலை” என்றாய் நீ. “இந்த வாரம் பூரா நான் கடைப்பக்கமே வரலை. சித்தப்பாவுக்கு சர்வர் இல்ல, எனக்கு திருச்சியில ரெண்டு லேப்ல பயோடேட்டா குடுக்க வேண்டியிருந்துச்சு. அண்ணே, ஒரு மணி நேரம் உக்காந்த இவர வேலையில இருக்கார்னு எழுதிட்டீங்க. சரி, அது உங்க கணக்கு. ஏழு நாளும் அலைஞ்ச என்னைய ஒண்ணுமே செய்யலைன்னு எழுதிட்டுப் போயிறாதீங்க. அப்படி எழுதுனா நான் எந்தக் கணக்குலயும் வரமாட்டேன். வேலையில இருக்கிறவங்க கூடவும் இல்ல, இல்லாதவங்க கூடவும் இல்ல.”

சர்வே தம்பி முதலில் போட்டதை அழித்தார். “எனக்கு இது மூணாவது வருசம்மா” என்றார். “பொம்பளப் பிள்ளைக இருக்கிற வீட்டுல, அவங்களே வெளிய வந்து பதில் சொல்றது ரொம்பக் கொறச்சல். என்னென்ன முயற்சி பண்ணுனீங்க?” நீ உள்ளே போய் அந்த நீல பைலைக் கொண்டுவந்தாய். நாற்பத்தியோரு ஒப்புகைச் சீட்டு, எல்லாம் என் மெஷினில் அச்சடித்தவை. ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினாய். கடைசிச் சீட்டு வந்தது. “இதுதாண்ணே நான் ரொம்ப எதிர்பாத்தது. கட்டுமாவடி லேப். ஒரு போன்கூட வரலை.”

உன் சித்தியை என்னிடம் பெண் கொடுத்தபோதே அவளுக்கு ஒரு எக்ஸ்ரே மெஷினையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அடுப்படி வாசலில் நின்று என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, எதுக்கு ஒங்க மொகம் இப்புடிப் போவுது?” என்றாள்.

அரசாங்கத்தின் முன்னிலையில், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியாக, ஒப்புக்கொண்டேன். போன் வந்ததைச் சொன்னேன், தாய்மாமன் நின்றதைச் சொன்னேன், சொன்ன வார்த்தையைச் சொன்னேன். டேப்லெட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்ற தம்பி பாவம், என்ன செய்வதென்று தெரியாமல், “இதுக்குக் கட்டம் எதுவும் இல்லைங்களே” என்றார். லூர்து, “இவருக்குன்னு ஒரு கட்டம் போட்டு, உள்ள வச்சுப் பூட்டுங்க தம்பி” என்றாள்.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். நுரைக் கையைப் பாவாடையில் துடைத்தாய். என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாய். பழைய அழைப்புகளைத் தள்ளித் தள்ளி அந்த எண்ணைக் கண்டுபிடித்து அடித்தாய். ஸ்பீக்கரில்தான் கேட்கும் என்பதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“அன்னைக்கு ஒருத்தர் எடுத்து, வீட்ல யாரும் வேலை தேடலைன்னு சொன்னாரே?”

“அவரு எங்க சித்தப்பா, மேடம். தேடுறது நான்.”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் யாரும் சரியாக அமையவில்லை, நாளைக்குக் காலையில் வர முடிந்தால் வந்து ஒரு சோதனை செய்து காட்டலாம் என்றார்கள். “வாரேன் மேடம்” என்றாய். போனை என் கையில் வைக்கும்போது முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தாய். “நீங்களும் வரணும். வந்து, அன்னைக்குப் பேசுனது நான்தான்னு சொல்லணும்” என்றாய். சர்வே தம்பி டேப்லெட்டை மூடிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது உனக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்குப் போடவில்லை.

மறுநாள் நாம் இருவரும் புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று மூன்று பஸ் மாறிப் போனோம். வழி முழுக்க நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய். அறந்தாங்கியில் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தாயே, அதுதான் எனக்கு ஆறுதல். லேபில் அந்த மேடம் என் குரலைக் கேட்டவுடன், “அன்னைக்குப் பேசுனது நீங்கதானே?” என்றார். பயத்தில் பழைய புத்தி தலைதூக்கியது. “எனக்கு ஒரு தம்பி இருக்கான் மேடம், கொரல் அச்சு அசல்…” என்று ஆரம்பித்தேன். நீ இருமினாய். “நான்தாங்க” என்று முடித்துக்கொண்டேன்.

உன்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் கையில் கொடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில், கதவு திறந்தே இருந்தது. ஏதோ பண்ணைத் தண்ணீரை அதில் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள் போல, தட்டு முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். பச்சைப் புள்ளி கூடினால் இறாலுக்கு நோய் என்று நீ பிறகு சொன்னாய். “எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க” என்றார் மேடம். நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். திருப்பிப் பார்த்தாய். ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லேன் பிள்ளை, முந்நூறு, நானூறு என்று சொல்லிவிடேன் என்று பெஞ்சிலிருந்து அத்தனை மாதாவையும் கூப்பிட்டுவிட்டேன்.

“எண்ண முடியாது மேடம்” என்றாய். “புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. தண்ணிய இன்னும் பத்து மடங்கு கரைச்சுட்டு, புதுசா தட்டு போட்டுத்தான் எண்ணணும்.”

“குத்துமதிப்பா சொல்லுங்களேன்.”

“குத்துமதிப்பா சொன்னா, அத நம்பிப் பண்ணைக்காரங்க குளத்துல இறால் குஞ்ச விட்டுருவாங்க. எண்ண முடியலைன்னே எழுதுறேன்.”

மேடம் எழுந்து நின்றுவிட்டார். “இதே மாதிரி தட்டக் காட்டி அஞ்சு பேருகிட்டக் கேட்டேன். அஞ்சு பேரும் ஒரு நம்பர் சொன்னாங்க” என்றார். அந்த நிமிடம் கட்டுமாவடிக் கடல் இரண்டு பனை உயரம் எழுந்து எனக்குச் சல்யூட் அடித்தது. நம்பாதவர்கள் அங்குள்ள மீனவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். நீ வெளியே வந்து, “திங்கக்கெழமையிலருந்து வரச் சொல்லிட்டாங்க” என்றாய். அப்புறம்தான் அழுதாய். நான் அழவில்லை. உப்புக் காற்று என் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது.

கறம்பக்குடிக்காரர்களுக்கு நானே போன் செய்தேன். “எங்க மக வேலை தேடுச்சு, கெடைச்சிருச்சு, அங்கதான் தங்கப் போகுது” என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். யோசிக்கட்டும், டிராக்டர் எங்கும் ஓடிப்போகாது.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன் என்று லூர்து சொல்கிறாள். ஆனால் தகுதி இல்லாத வேலைக்கும் விண்ணப்பம் போடுவது நம் தொழில் தர்மம் என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே உன்னோடு வேலை பார்ப்பவர்கள், படித்து முடித்து இரண்டு வருடம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். வீட்டில் இருந்தேன் என்று சொல்லிவிடாதே. சொல்வதற்கு அது சுலபமாகத்தான் இருக்கும். நீ வேலை தேடினாய். நாற்பத்தியோரு தடவை கதவைத் தட்டினாய். என் தேடலை என் அப்பா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல, அந்த இரண்டு வருடத்தை உன்னிடமிருந்து நான் பிடுங்கப் பார்த்தேன். நீ விடவில்லை. அதை நீயாகவே யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதே. இப்போது என் கடையில் தொடர்பு எண் கட்டத்தில் அவரவர் எண்ணைத்தான் போடுகிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். “என்ன சக்கரவர்த்தி, புதுச் சட்டமா?” என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

இனி, இந்தக் கடிதத்தை இன்று எழுதத் தூண்டிய செய்தி. நேற்று சர்வே தம்பி மறுபடியும் வந்தார். நான் வாசலிலேயே வழிமறித்து, உன் வேலை, உன் லேப், கண்ணாடித் தட்டு, கடல் எழுந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கடலை விட்டுவிட்டு மற்றதைக் குறித்துக்கொண்டார். “பாப்பா வேலைக்குப் போயிட்டாங்க, ஐயா வேலையில இருக்கீங்க. அப்ப உங்க வீட்டுல இப்ப வேலை இல்லாதவங்க யாருமில்ல” என்றார். நான் பூரித்து நின்றேன். வேலையின்மையை முற்றாக ஒழித்த முதல் வீடு என்று வாசலில் கல்வெட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன்.

“இருக்காங்க” என்றாள் உன் சித்தி.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “போன தடவ நான் சும்மா இருக்கேன்னு இவரு சொன்னாரு. நான் அடுப்படியில இருந்தேன், பேசாம விட்டுட்டேன். எம்புள்ள தனக்காக வெளிய வந்து சொன்னப்பத்தான் எனக்கும் ஒறச்சுச்சு. நான் பிளஸ் டூ. தமிழ் டைப்பிங் ஹையர், இங்கிலீசு டைப்பிங் ஹையர். வேலை தேடுறேன்னு எழுதுங்க.”

மகளே, இருபத்திரண்டு வருடமாக நான் ஒற்றை விரலால் ஊர் விண்ணப்பங்களைக் குத்திக்கொண்டிருக்கிறேன். பத்து விரலாலும் தட்டத் தெரிந்தவள் என் வீட்டிலேயே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள்கூட நான் அவளைக் கேட்கவில்லை. தம்பி, “என்ன முயற்சி பண்ணுனீங்கம்மா?” என்று கேட்டார். ஏதும் இருக்காது, நாம்தான் உதவ வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவள் பைபிளுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு தனியார் பள்ளியில் அலுவலகத் தட்டச்சர் வேலைக்குப் போட்ட விண்ணப்பம். வாங்கிப் பார்த்தேன். அச்சு நம் மெஷினுடையது இல்லை. எதிர்க் கடையில் எடுத்திருக்கிறாள்! இந்த ஊர் சரித்திரத்தில் எனக்கு இப்படியொரு படையெடுப்பு நடந்ததில்லை. தொடர்பு எண் கட்டத்தில் அவளுடைய எண், ஒரு எழுத்துப் பிழை கிடையாது, ஓரம் பிசிறு தட்டாத அச்சு. தம்பி தட்டினார். நம் வீட்டில் வேலை இல்லாதவர் ஒருவர் என்று நாட்டின் கணக்கில் ஏறிவிட்டது. நீ சேர்ந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு தலைகால் புரியாமல் போகவில்லை.

இன்று காலை அந்தப் பள்ளியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். “நீங்க கடையப் பாருங்க. நான் போயிக்குவேன்” என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைப் பட்டா, போன கிறிஸ்துமஸ் சேலையா என்று கேட்டாள். முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டேன். நீயே அவளுக்குப் போன் போட்டுச் சொல். அவளுடைய எண்ணுக்குப் போடு.

உன்
சித்தப்பா